கம்ப்யூட்டர் ரூமுக்கு ஏ.சி.யா? முதலில் காதைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முதல் மூன்றுக்குள் இது கட்டாயம் இருக்கும். "ரூமுக்கு ஏ.சி. போடணுமா?"

நான் பள்ளியில் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் லேப் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஜில்லென்று ஏ.சி. ஓடும். அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டருக்கு ஏ.சி. இல்லாவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. சாதாரணமாக வீட்டுக் கம்ப்யூட்டர்களின் மேனுவலில், அறையின் வெப்பம் 10 டிகிரியிலிருந்து 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். மே மாத மதியம் ஒன்றிரண்டு மணி நேரம் தவிர, ஒரு சீலிங் ஃபேன் இருந்தாலே போதும். சி.பி.யூ.வுக்கு வெயிலைவிடத் தூசிதான் பெரிய எதிரி.

(ஒரு வேடிக்கை: ஏ.சி. பிறந்ததே இயந்திரத்துக்காகத்தான், மனிதனுக்காக அல்ல. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகத்தில், காற்றின் ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ண அச்சு தள்ளிப் போனது. அதைச் சரி செய்யத்தான் வில்லிஸ் கேரியர் தன் முதல் திட்டத்தை வரைந்தார்.)

ஆக, ஏ.சி. வேண்டியது கம்ப்யூட்டருக்கு இல்லை, அதன் முன்னால் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு. அதில் தப்பே இல்லை. தாராளமாக வாங்குங்கள். ஆனால் எத்தனை டன், எத்தனை ஸ்டார், என்ன விலை, எத்தனை வருட வாரண்டி என்று துருவித் துருவிக் கேட்கும் நாம், "எவ்வளவு சத்தம் போடும்?" என்று மட்டும் கேட்பதே இல்லை. என் வருத்தம் அதுதான்.

அப்பாவின் காது

நான் இருப்பது சென்னை வேளச்சேரியில் ஒரு வாடகை வீடு. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அறையின் சுவரில், வீட்டுக்காரர் ஏற்கெனவே ஓட்டை போட்டு மரச் சட்டம் அடித்து வைத்திருந்தார். ஸ்ப்ளிட் ஏ.சி. போட வேண்டுமென்றால் புதிதாகத் துளை போட வேண்டும், அவர் சம்மதிக்க வேண்டும். அதனால் பழைய 1.5 டன் ஜன்னல் ஏ.சி. ஒன்றை நண்பரிடம் வாங்கி அந்த ஓட்டையில் உட்கார வைத்தேன். ஜன்னல் ஏ.சி. என்று பெயர்தானே தவிர, நம் ஊரில் பாதிக்கு மேல் அது ஜன்னலில் இருப்பதில்லை, சுவருக்குள்தான் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து அப்பா வந்தார். ரிடையர் ஆனவர். அவருக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அதே அறையில் வைத்தேன். மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாலாவது நாளே திருநெல்வேலியில் இருக்கும் அத்தையோடு வீடியோ காலில் பேச ஆரம்பித்துவிட்டார். ஒரே சந்தோஷம். ஆனால் பேச்சு முழுக்க "என்ன? என்ன சொல்ற? கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றுதான் போகும். ஸ்பீக்கர் வால்யூம் 100-ல் இருக்கும். நான் பக்கத்தில் நின்று ஏதாவது சொன்னாலும் ஒரு முறைக்கு இரு முறை சொல்ல வேண்டும்.

"அப்பா, உங்களுக்குக் காது மந்தமாகுது, ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது. ஒரு வாரம் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. அத்தை போன் செய்தாலும் "நல்லா இருக்கேன், வச்சிடறேன்" என்று முடித்துவிடுவார். கடைசியில் வற்புறுத்தி அழைத்துப் போனேன். வயதுக்குத் தகுந்த சின்னக் குறைதான், மெஷின் எதுவும் தேவையில்லை என்று ரிசல்ட் வந்தது. டாக்டர் கேட்ட ஒரு கேள்வி: "எந்த இடத்துல கேட்கலைங்கறார்? அங்க ஏ.சி., ஃபேன் ஏதாவது ஓடுதா?"

சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்று பெயர். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. நான் அதே அறையில் உட்கார்ந்துதான் ஆபீஸ் மீட்டிங்குகளில் பேசுகிறேன். யாரும் "என்ன சத்தம் அது?" என்று கேட்டதில்லை. ஜூம் போன்ற புரோகிராம்களில் பின்னணிச் சத்தத்தை வடிகட்டும் வசதி இருக்கிறது. ஒரே மாதிரி தொடர்ந்து ஓடும் ஏ.சி., ஃபேன் சத்தம்தான் அதற்கு மிக எளிய இரை. எதிர்முனையில் இருப்பவருக்கு என் அறை நூலகம் மாதிரிக் கேட்கிறது. உள்ளே இருக்கும் என் காதுக்கும் அப்பாவின் காதுக்கும் அந்த வடிகட்டி கிடையாது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு நான் தப்பித்துக்கொண்டேன், அப்பா மாட்டிக்கொண்டார்.

ஒரே பெட்டிக்குள் எல்லாம்

ஸ்ப்ளிட் ஏ.சி.யில் சத்தம் போடும் கம்ப்ரஸர் வெளியே மொட்டை மாடியிலோ பால்கனியிலோ இருக்கும். உள்ளே இருப்பது ஒரு உருளை ஃபேன் மட்டும்தான். ஜன்னல் ஏ.சி.யில் கம்ப்ரஸர், உள்பக்க புளோயர், வெளிப்பக்க ஃபேன் மூன்றும் ஒரே தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. வழக்கமாக புளோயருக்கும் ஃபேனுக்கும் ஒரே மோட்டார்தான். அதன் தண்டு இரண்டு பக்கமும் நீண்டிருக்கும், ஒரு முனையில் இது, மறு முனையில் அது. உள்ளே காற்று வேகத்தைக் குறைத்தால் வெளியிலும் குறையும். சூடான பக்கத்தில் காற்று நன்றாக ஓட வேண்டும், குளிர்ந்த பக்கத்தில் மெதுவாக ஓடினால் போதும் என்று நினைத்தால் முடியாது.

உள்ளே 'சளக் சளக்' என்று தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பல மாடல்களில் வெளிப்பக்க ஃபேனின் விளிம்பில் ஒரு வளையம் இருக்கும். கீழே தேங்கும் தண்ணீரை வாரி சூடான காயில் மேல் அடிப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இதோடு சுவரும் சேர்ந்துகொள்கிறது. பெட்டி மரச் சட்டத்தில் இறுக்கமாக ஆப்பு அடித்து உட்கார வைக்கப்பட்டிருந்தால், கம்ப்ரஸரின் அதிர்வு சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து சுவருக்கும் போகும். நம் அறைகளில் தரையில் டைல்ஸ், சுவரில் வெறும் பெயிண்ட். கம்பளமோ கனமான திரையோ கிடையாது. சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. கம்ப்ரஸர் நிற்கும்போது ஒரு உதறல், மறுபடி ஓடும்போது ஒரு 'டொம்'. தூங்குபவரை எழுப்புவது தொடர்ந்து ஓடும் இரைச்சலைவிட இந்த 'டொம்'தான். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏ.சி. வாங்கினால், அது சீக்கிரம் குளிரவைத்துவிட்டு அடிக்கடி நின்று நின்று ஓடும். பெரியதாக வாங்கினால் நல்லது என்பவர்கள் இதைக் கவனிக்கவும். இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரஸர் வேகம் கூடிக் குறையும், இந்த உதறல் ரொம்பவே குறைவு. ஜன்னல் ஏ.சி.யிலும் இப்போது இன்வெர்ட்டர் வகை கிடைக்கிறது.

டெசிபல் கணக்கு: கால்குலேட்டரைத் திறங்கள்

சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். இது கிலோ, மீட்டர் மாதிரி நேர்க்கணக்கு இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். 50 டெசிபல் ஏ.சி. இரண்டை ஓட விட்டால் 100 ஆகாது, 53 ஆகும்.

உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் இதைப் போட்டுப் பாருங்கள். ஏ.சி. 52 டெசிபல், சி.பி.யூ. பெட்டியின் ஃபேன் 35 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் கால்குலேட்டரில் சயின்டிஃபிக் வகையைத் தேர்ந்தெடுங்கள். 10-ன் அடுக்கு 5.2, அதோடு 10-ன் அடுக்கு 3.5 கூட்டுங்கள். 'லாக்' அழுத்துங்கள். 10-ஆல் பெருக்குங்கள். 52.09 வரும். அதாவது கம்ப்யூட்டர் ஓடுவதும் ஓடாததும் ஒன்றுதான்! சத்தமில்லாத ஃபேன், சத்தமில்லாத எஸ்.எம்.பி.எஸ். என்று இரண்டாயிரம், மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிவிட்டு, தலைக்கு மேல் ஜன்னல் ஏ.சி.யை ஓட விடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம்.

சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். ஜன்னல் ஏ.சி.யின் சத்தம் ஐம்பதுகளில் இருப்பது சகஜம். ஆக, நம் பேச்சு அந்த இரைச்சலுக்கு மேல் கொஞ்சம்தான் தலை தூக்கி நிற்கிறது. நாலு மீட்டர் தள்ளி நின்று பேசினால் அதுவும் முங்கிப் போகும். இளம் காது விட்ட எழுத்தை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். அறுபதைத் தாண்டிய காதுக்கு அது சுலபமில்லை. அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

ஒரு ஒப்பீடு: படுக்கை அறையில் தொடர்ந்து ஓடும் சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொன்னது. நம் ஜன்னல் ஏ.சி. எங்கே, அது எங்கே!

நீங்களே அளக்கலாம்

செல்போனில் சத்தம் அளக்கும் ஆப்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். போன் மைக் அதற்காகத் தரப்படுத்தப்பட்டதல்ல. ஆனால் ஒரே போன், ஒரே இடம் என்று வைத்து 'முன்', 'பின்' ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். தலையணை மேல் வைத்து அளந்து பாருங்கள். ஏ.சி.யின் மூக்குக்கடியில் வைத்து அளப்பதில் பயனில்லை.

கம்ப்யூட்டரில் இன்னும் சுவாரஸ்யமாகப் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவசப் புரோகிராமை இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்து, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் அதுவே சத்தத்தை வடிகட்டிவிட்டு உங்களை ஏமாற்றும். பிறகு ஏ.சி. ஓடும்போது அரை நிமிடம் ரெக்கார்டு செய்து, 'அனலைஸ்' மெனுவில் 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' க்ளிக் செய்யுங்கள். மலைத்தொடர் மாதிரி ஒரு படம் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 100 ஹெர்ட்ஸ் அருகிலும் அதன் மடங்குகளிலும் கூரான சிகரங்கள் தெரிந்தால், அது மோட்டார், கம்ப்ரஸரின் ரீங்காரம். பரந்து கிடக்கும் மேடு காற்றின் இரைச்சல். சிகரம் பெரிதாக இருந்தால் ஃபிட்டிங்கைக் கவனியுங்கள். மேடு பெரிதாக இருந்தால் ஃபில்டரையும் புளோயரையும் கவனியுங்கள். மெக்கானிக் வந்து "இந்த மாடலே இப்படித்தான் சார்" என்று சொல்லும்போது இந்தப் படத்தைக் காட்டினால் பேச்சு மாறும். எனக்கு மாறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

தேடிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-ன் ஆறாவது அட்டவணையில் வீட்டுச் சாதனங்களுக்குத் தயாரிப்பு நிலையிலேயே ஒலி வரம்பு விதித்திருக்கிறார்கள். 1 முதல் 1.5 டன் வரையுள்ள ஜன்னல் ஏ.சி.க்கு 68 டெசிபல், ஏர் கூலருக்கு 60, ஃபிரிட்ஜுக்கு 46. 1993 டிசம்பர் 31-க்குள் எட்ட வேண்டும் என்று வைத்த இலக்கு அது. 68 என்றால் பேச்சுக் குரலைவிட அதிகம்! அன்றைய இயந்திரங்களுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைக்கு அது ஒரு வரம்பே இல்லை.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்கின்றன. அது தெருவின் சராசரிச் சத்தத்துக்கான அளவு.

என் கோரிக்கை எளிமையானது. ஏ.சி. மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் மின்சாரச் செலவு இருக்கிறது. அந்த லேபிள் வந்த பிறகு கடைக்குப் போகிற ஒவ்வொருவரும் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். 2020 ஜனவரியிலிருந்து ஏ.சி.யை ஆன் செய்தால் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அதே லேபிளில் டெசிபலுக்கு ஒரு கட்டம் ஒதுக்க என்ன கஷ்டம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் ஏ.சி. லேபிளில் ஒலி அளவும் அச்சிடப்படுகிறது. ஸ்ப்ளிட் என்றால் உள்பெட்டிக்கு ஒரு எண், வெளிப்பெட்டிக்கு ஒரு எண். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?

"பிரௌச்சரில்தான் போட்டிருக்கிறதே" என்பார்கள். போட்டிருக்கிறது, ஆனால் எந்த வேகத்தில்? மிகக் குறைந்த ஃபேன் வேகத்தில் எடுத்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். மே மாதம் யார் லோ ஸ்பீடில் ஓட்டுகிறார்கள்? இன்னொரு குழப்பமும் உண்டு. 'சவுண்ட் பவர்' என்பது இயந்திரம் மொத்தமாக வெளிவிடும் ஒலி. 'சவுண்ட் பிரஷர்' என்பது குறிப்பிட்ட தூரத்தில் நம் காதை எட்டுவது. பல்பின் வாட்ஸும் மேஜை மேல் விழும் வெளிச்சமும் போல. ஒரே ஏ.சி.க்கு முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருக்கும். இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமாகப் போட்டால் நாம் எதை எதோடு ஒப்பிடுவது? லேபிளில் ஒரே முறையில் அளந்து போட்டால் இந்த வேலையே இல்லை. அதுவரை கடையில் நீங்களாவது "ஹை ஸ்பீடில் எத்தனை டெசிபல், எவ்வளவு தூரத்தில்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

இதனால் ஜன்னல் ஏ.சி. வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. விலை குறைவு, காப்பர் பைப் இழுக்கும் வேலை இல்லை, வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். பகலில் ஒருவர் மட்டும் ஹெட்செட் போட்டு வேலை செய்யும் அறைக்கு ஓகே. வயதானவர்கள் உட்கார்ந்து பேசும் அறைக்கும், படுக்கை அறைக்கும் வேண்டாம் என்பது என் கட்சி. "பழகிடும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். பழகுவது என்றால் கத்திப் பேசப் பழகுவது.

நான் செய்தவை

ஏற்கெனவே சுவரில் மாட்டிவிட்டவர்களுக்கு இது. ஏ.சி. ஓடும்போது முன் கிரில்லை உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். சத்தம் மாறினால் அது அதிர்வு. என் ஏ.சி.யில் கிரில்லின் ஒரு கொக்கி உடைந்திருந்தது. அதைச் சரி செய்து, ஆசாரியைக் கூப்பிட்டு ஆப்புகளை எடுத்துவிட்டு, பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் பட்டை கொடுத்தோம். சுற்றியிருந்த இடைவெளியை ஃபோம் வைத்து அடைத்தோம். அதில் தெருச் சத்தமும் சேர்ந்து குறைந்தது. தண்ணீர் வடிய பின்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுகிறேன்.

முக்கியமான ஒன்று: பெட்டியின் பின் பாதியில் இருக்கும் பக்கவாட்டுத் துளைகள் சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். தடித்த சுவருக்குள் அவை புதைந்துவிட்டால் வெளிக்காற்று போதாமல் கம்ப்ரஸர் திணறும். குளிர்ச்சி குறையும், சத்தமும் கரண்ட் பில்லும் கூடும். என் வீட்டில் மூன்று இஞ்ச் உள்ளே போயிருந்தது. வெளியே தள்ளி வைத்தோம்.

இன்னொன்று கம்ப்யூட்டர்காரர்களுக்கு. ஏ.சி.யும் கம்ப்யூட்டரும் ஒரே லைனில் இருந்தால், கம்ப்ரஸர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கி யூ.பி.எஸ். 'கீச்' என்று கத்தலாம். அதற்கு யூ.பி.எஸ்.ஸைத் திட்டிப் பயனில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏ.சி.க்குத் தனி லைன் போடச் சொல்லுங்கள். ஏ.சி.யை யூ.பி.எஸ்.ஸில் மாட்டும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அப்பாவின் நாற்காலியில் போனை வைத்து அளந்தபோது முன்பைவிட 6 டெசிபல் குறைவாகக் காட்டியது. அப்பாவின் மேஜையையும் ஏ.சி.க்கு எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அத்தை பேசும்போது ஸ்பீக்கர் இப்போது 60-ல் இருக்கிறது.

ஆனால் பெட்டியை வெளியே தள்ளியதில் வேறொரு வம்பு வந்தது. எங்கள் வீட்டுக்கும் பின் வீட்டுக்கும் நடுவே ஆறடி சந்து. ஏ.சி.யின் பின்பக்கம் நேராகப் பின் வீட்டுப் பாட்டியின் படுக்கை அறை ஜன்னலைப் பார்க்கிறது. ஒரு நாள் காலையில் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி உங்க வீட்டு மெஷின் முன்னைக்கு இப்ப ஜாஸ்தி கேட்குது. ஜன்னலைச் சாத்தினா எனக்குப் புழுங்குது. எங்க வீட்ல ஏ.சி. இல்லியே."

என் அறையில் குறைந்தது அவர் அறையில் கூடியிருக்கிறது. நான் அளந்ததெல்லாம் என் நாற்காலியில் மட்டும்தானே. "மன்னிச்சுக்குங்க பாட்டி, பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது இரவு 10 மணிக்கு ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஃபேனில் தூங்குகிறோம். வீட்டுக்காரரிடம் ஸ்ப்ளிட்டுக்குத் துளை போட அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வெளிப்பெட்டியை மொட்டை மாடியில் வைக்கத்தான் எண்ணம். அதற்கு முன் பாட்டியின் ஜன்னலில் போனை வைத்து ஒரு முறை அளந்துகொள்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "அளந்து என்ன தம்பி பண்ணப் போறீங்க, என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா" என்கிறார்.